ரோஷ்னிக்காகப் பேசிய செனட்டர்

1

போன வாரம் தூத்துக்குடியிலிருந்து என் தங்கை செல்வி போன் பண்ணினாள். குரலில் பெருமை வழிந்தது.

"அக்கா, நம்ம ரோஷ்னியப் பத்தி அமெரிக்கா பார்லிமென்ட்ல பேசிருக்காங்களாமே! எங்க பங்குக் கோவில் குரூப்புல வந்துச்சு. பூசை முடிஞ்சதும் சாமியாரே என்னைக் கூப்பிட்டுக் கேட்டாரு. நீ எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே!"

அவள் அனுப்பிய வீடியோவைத் திறந்தேன். பின்னணியில் யாரோ முரசு கொட்டும் இசையைச் சேர்த்திருந்தார்கள். "தமிழ்ப் பெண்ணுக்காக அதிர்ந்தது அமெரிக்க நாடாளுமன்றம்" என்று சிவப்பு எழுத்து ஓடியது. நரைத்த தலையுடன் ஒரு பெண்மணி எழுந்து நின்று பேசுகிறார். அவர் பக்கத்தில் ஒரு தாங்கியில் என் மகளின் பெரிய புகைப்படம். "இவள் பெயர் ரோஷ்னி" என்று அவர் ஆங்கிலத்தில் தெளிவாகச் சொல்கிறார். அவள் டெக்சாஸில் வளர்ந்தவள், இந்த நாட்டைத் தவிர அவளுக்கு வேறு நாடு தெரியாது என்கிறார். அதோடு வீடியோ நின்றுவிடுகிறது.

பேச்சு அங்கே நிற்கவில்லை. அதற்குப் பிறகு நடந்தவைதான் எங்களுக்கு வாழ்க்கையாயின. அது நடந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது யார் தோண்டி எடுத்தார்களோ தெரியவில்லை. செல்வியிடம் போனில் சொல்லத் தொடங்கி, பாதியில் களைத்துப்போய், "எழுதி அனுப்புறேன்டீ" என்று வைத்துவிட்டேன். அவளுக்காகவும், அவளைப் போல வாழ்த்துச் சொன்ன மற்றவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

2

வீடியோவில் பேசும் அந்தச் செனட்டர் எங்கள் மாநிலத்தவர் அல்ல. பனி பொழியும் வடக்கு மாநிலம் ஒன்றின் பிரதிநிதி. அங்கே மாட்டுப் பண்ணைகள் அதிகம். அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவரை நான் சந்திப்பதற்குப் பல வருடங்கள் முன்பே எனக்குத் தெரியும், தொலைக்காட்சி வழியாக.

ஹூஸ்டனுக்குப் பக்கத்திலுள்ள கேட்டி என்ற ஊருக்கு வந்து பல வருடங்கள் எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. ஊரில் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தவள் நான். இங்கே கணவரின் விசாவில் தொற்றிக்கொண்டு வந்தவள். அவர் ஹூஸ்டனில் ஒரு எண்ணெய்க் கம்பெனியில் எஞ்சினியர். காலையில் அவர் ஃப்ரீவேயில் ஏறிவிட்டால் மாலைதான் முகத்தைப் பார்க்க முடியும். கார் ஒன்றுதான். கடைக்குக்கூட நடந்து போக வழியில்லாத ஊர். ரோஷ்னி பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு பகலில் அபார்ட்மென்டில் நானும் டிவியும்தான்.

சினிமாவில் பேசும் ஆங்கிலம் எனக்குப் பிடிபடவில்லை. ஒருநாள் செனட் நடவடிக்கைகளைக் காட்டும் சானல் கண்ணில் பட்டது. செனட் என்றால் நம் ராஜ்யசபா மாதிரி, ஆனால் அதைவிட அதிகாரம் கூடியது. அங்கே நிறுத்தி நிதானமாகப் பேசினார்கள். கீழே எழுத்தும் ஓடியது. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அப்படித்தான் இவரைக் கண்டேன். முன்னாள் பள்ளி ஆசிரியை என்று பிறகு தெரிந்தது. பேசும் முறையிலேயே எனக்குச் சந்தேகம் இருந்தது. மருந்து விலை பற்றிப் பேசும்போது ஒரு இன்சுலின் குப்பியைக் கையில் தூக்கிக் காட்டி, இது கனடா எல்லைக்கு அந்தப் பக்கம் என்ன விலை, இந்தப் பக்கம் என்ன விலை என்று கேட்டார். இடிந்து விழும் பாலங்களைப் பற்றிப் பேசினார். நாட்டுப்புற மருத்துவமனைகள் மூடப்படுவதைப் பற்றிப் பேசியபோது, பிரசவ வலியோடு பனியில் காரில் போன ஒரு பெண்ணின் கதையைச் சொன்னார். பால் பண்ணைக்காரர்களுக்குக் கட்டுப்படியாகாத கொள்முதல் விலை பற்றி, வருடம் தவறாமல், அதே வாதத்தைப் புது ஆதாரங்களோடு வைத்தார். எதிர்க்கட்சிக்காரர் குறுக்கிட்டால் குரலை உயர்த்த மாட்டார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவர் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தப் பழக்கத்தால் நான் பேசிய ஆங்கிலம் வினோதமானது. எங்கள் அபார்ட்மென்ட் குடியிருப்போர் கூட்டத்தில் நீச்சல் குளத்தின் கதவு பூட்டாமல் கிடப்பதைப் பற்றி எழுந்து பேசினேன். முடித்ததும், "ஐ யீல்டு த ஃப்ளோர்" என்று சொல்லி உட்கார்ந்தேன். என் பேச்சு முடிந்தது, அடுத்தவர் பேசலாம் என்று செனட்டில் சொல்லும் வாசகம் அது. மேனேஜர் குழம்பிப்போய்க் குனிந்து தரையைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து ரோஷ்னி சிரித்த சிரிப்பில் அவளுக்கு விக்கல் வந்துவிட்டது.

3

ரோஷ்னி இங்கே வரும்போது பால்புட்டியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவள் தங்கை அனிதா கேட்டியில் பிறந்தாள். ஒரே வீடு, ஒரே சோறு, ஒரே மஞ்சள் பள்ளிப் பேருந்து. ஒருத்தி அமெரிக்கக் குடிமகள், இன்னொருத்தி அந்நியப் பெண்.

ஊரில் இருப்பவர்களுக்கு இது புரிவதில்லை. கிரீன் கார்டுக்கு என் கணவர் சேவியரின் கம்பெனி விண்ணப்பித்தது. அரசாங்கமும் தகுதி உண்டு என்று சொல்லிவிட்டது. ஆனால் ஒவ்வொரு நாட்டுக்கும் வருடத்துக்கு இவ்வளவு என்று ஒரு வரம்பு. இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை மிக நீளம். நாங்கள் அந்த வரிசையில் நின்றோம். பிள்ளைகள் பெற்றோரின் விசாவில் ஒட்டிக்கொண்டிருக்கலாம், இருபத்தோரு வயதுவரை. அதற்குள் கார்டு வராவிட்டால் பிள்ளை வரிசையிலிருந்து வெளியே போய்விட வேண்டும்.

அவள் உயர்நிலைப் பள்ளியில் இருக்கும்போதே எங்களுக்கு இது தெரியும். அவளிடம் சொல்லாமல் தள்ளிப்போட்டோம். டிரைவிங் லைசென்ஸ் எடுக்கப் போன இடத்தில் அவளுக்கு மட்டும் விசா முடியும் தேதியைப் போட்டுக் கொடுத்தார்கள். காரில் ஏறியதும் கேட்டாள்.

"அம்மா, வொய் டஸ் மைன் எக்ஸ்பயர்?"

நான் தமிழில் விளக்கினேன். அவள் ஆங்கிலத்திலேயே கேள்வி கேட்டுக்கொண்டு வந்தாள். வீடு வந்ததும் கேள்விகள் நின்றன. அதன் பிறகு அவள் ஆஸ்டினில் கல்லூரிக்குப் போகும்வரை இந்தப் பேச்சு வந்தால் எழுந்து தன் அறைக்குப் போய்விடுவாள்.

4

அவள் கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கும்போது, அந்தச் செனட்டர் எங்களைப் போன்ற குடும்பங்களுக்காகப் பேச ஆரம்பித்தார். அவர் மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் வேலை பார்த்த இந்திய மருத்துவரின் மகன் இதே காரணத்தால் வெளியேற நேர்ந்ததாம். அப்படி வளர்ந்த பிள்ளைகள் வயது தாண்டினாலும் வரிசையில் நீடிக்கலாம் என்று ஒரு சின்ன மசோதாவைக் கொண்டுவந்தார். அதற்கு ஆதரவு திரட்டிய பெற்றோர் குழுவில் நானும் சேர்ந்து, எங்கள் கதையை அவர் அலுவலகத்துக்கு எழுதி அனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்து எமிலி என்ற பெண் போன் பண்ணினாள். செனட்டரின் உதவியாளர். செனட்டர் அவையில் ரோஷ்னியைப் பற்றிப் பேச விரும்புகிறார், ஒரு நல்ல புகைப்படம் வேண்டும், ரோஷ்னிக்குச் சம்மதமா என்று கேட்டாள்.

வார இறுதியில் வந்தபோது ரோஷ்னியிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தட்டைத் தள்ளினாள்.

"என்னைக் கேக்காம நீ எப்படிம்மா எழுதுன? ஐ ஆம் நாட் எ போஸ்டர்."

"உனக்காகத்தானம்மா எழுதுனேன்."

"என் ஃப்ரெண்ட்ஸ் யாருக்கும் தெரியாது. இனிமே எவ்ரிபடி வில் நோ."

நான் சேவியரைப் பார்த்தேன். அவர் பேசுபவரில்லை. "அவ லைஃப்பு ஜெசி. அவ சொல்றதுதான்" என்றார்.

ரோஷ்னி இரண்டு நாள் யோசித்தாள். பிறகு எமிலியிடம் தானே பேசுவதாகச் சொன்னாள். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். செனட்டர் தன்னைப் பற்றிப் பேசச் சம்மதித்தாள், ஆனால் ஒரு நிபந்தனை வைத்தாள். இந்த மாதிரிப் பேச்சுகளில் எல்லோரும் தவறாமல் சொல்லும் ஒரு வாசகம் உண்டு: இந்தப் பிள்ளைகள் தங்கள் தவறு எதுவும் இல்லாமல் இந்த நிலைமைக்கு ஆளானவர்கள் என்று.

"அந்த வரியைச் செனட்டர் சொல்லக் கூடாது" என்றாள் ஆங்கிலத்தில். "என் தவறு இல்லை என்றால் வேறு யார் தவறு? கேட்பவர்கள் என் அப்பா அம்மாவைத்தான் நினைப்பார்கள். அவர்கள் ஒரு தவறும் செய்யவில்லை."

 "எழுதிக்கொண்டேன்" என்றாள் எமிலி.

சேவியர் சிங்க்கில் கிடந்த பாத்திரங்களைக் கழுவ எழுந்து போனார். தண்ணீரை வேகமாகத் திறந்துவிட்டார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. வீட்டில் எங்களோடு நாலு வார்த்தை தமிழில் பேசச் சலித்துக்கொள்கிற பெண், கைவிட்டுப் போய்விட்டாள் என்று நான் முடிவு கட்டி வைத்திருந்த பெண், எங்களுக்காக வழக்காடினாள்.

5

நானும் ரோஷ்னியும் வாஷிங்டன் போனோம். சேவியருக்கு லீவு கிடைக்கவில்லை. பார்வையாளர் மாடத்துக்கு எமிலி அனுமதிச் சீட்டு வாங்கி வைத்திருந்தாள். போனையும் பையையும் வெளியே வாங்கிக்கொண்டார்கள்.

முன்னதாகத் தாழ்வாரத்தில் செனட்டர் வந்து கைகொடுத்தார். டிவியில் தெரிவதைவிடக் குள்ளம். ரோஷ்னியிடம், "உன் பெயரை நீ எப்படிச் சொல்வாய்? நான் தப்பாகச் சொல்லக் கூடாது" என்றார். ரோஷ்னி சொன்னாள். அவர் திரும்பச் சொன்னார். ரோஷ்னி திருத்தினாள். மறுபடியும் சொல்லிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார்.

நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தை எல்லாம் இவரிடம்தான் கற்றேன் என்று சொல்ல நினைத்திருந்தேன். விமானத்தில் வரும்போது வாக்கியம்கூட அமைத்து வைத்திருந்தேன். வாய் வரவில்லை.

மாடத்தில் உட்கார்ந்து கீழே எட்டிப் பார்த்தபோது நாங்கள் தவறான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று நினைத்தேன். வரிசை வரிசையாகப் பளபளக்கும் மேசைகள். ஆட்கள் இல்லை. தலைமை நாற்காலியில் ஒருவர் ஏதோ தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். தட்டச்சுக் கருவியைக் கழுத்தில் மாட்டியிருந்த பெண் ஒருத்தி, பேச்சைப் பதிவுசெய்யச் செனட்டருக்கு அருகே வந்து நின்றாள். தூரத்தில் ஒரு செனட்டர் கால்மேல் கால் போட்டுக் காத்திருந்தார். அவ்வளவுதான் கூட்டம். டிவி கேமரா பேசுபவரின் முகத்தையே காட்டும். அவருக்கு எதிரே யாரும் இல்லை என்பதை இத்தனை வருடம் பார்த்தும் நான் அறிந்திருக்கவில்லை.

"வேர் இஸ் எவ்ரிபடி?" என்றாள் ரோஷ்னி என் காதருகே.

செனட்டர் பேசினார். எங்கள் ஊர் பெரிய வெள்ளத்தில் மூழ்கியபோது பள்ளிச் சிறுமியாக இருந்த ரோஷ்னி, கோவில் கூடத்தில் தங்கியிருந்தவர்களுக்குப் போர்வை பிரித்துக் கொடுத்ததைச் சொன்னார். அந்த வெள்ளம்தான் அவளை நீர் வடிகால் பற்றிய எஞ்சினியரிங் படிக்க வைத்தது என்றார். தாங்கியில் அவள் படம் சிரித்தது. தவறு என்ற சொல்லே பேச்சில் வரவில்லை. "நாம் கேட்டதையெல்லாம் இவளுடைய பெற்றோர் செய்தார்கள். வரிசையில் நிற்கச் சொன்னோம், நின்றார்கள். வரி கேட்டோம், கட்டினார்கள். வாக்குத் தவறியது நாம்தான்" என்றார். காலி மேசைகளைப் பார்த்து, அவை நிறைந்திருந்தால் எப்படிப் பேசுவாரோ அப்படியே பேசினார்.

ரோஷ்னி என் கையைப் பிடித்தாள். சின்ன வயதில் சாலையைக் கடக்கும்போது பிடித்தது.

கடைசியில் அவர், ஒருமித்த சம்மதத்தோடு மசோதாவை நிறைவேற்றக் கோருகிறேன் என்றார். அங்கே அப்படி ஒரு முறை உண்டு. யாரும் மறுக்காவிட்டால் வாக்கெடுப்பு இல்லாமலே நிறைவேறிவிடும். ஒரே ஒருவர் மறுத்தால் போதும், முடிந்தது. காத்திருந்த செனட்டர் எழுந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். என் அருமைத் தோழியின் அக்கறையை மதிக்கிறேன், அனுமதியின்றி எல்லை தாண்டி வருபவர்களின் பிரச்சினையைத் தீர்க்காமல் இதை மட்டும் தனியாக எடுக்க முடியாது, ஆகவே மறுக்கிறேன் என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. பஸ் நடத்துநர் இடமில்லை என்று சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"மறுப்பு பதிவாகிறது" என்றது தலைமை நாற்காலி.

படத்தை ஒருவர் மடக்கி எடுத்துக்கொண்டு போனார். மறுத்தவரே தொடர்ந்து, தன் மாநிலத்தில் ஒரு தபால் நிலையத்துக்குப் பெயர் சூட்ட வேண்டும் என்றார். மறுப்பு யாருக்கும் இல்லை. நிறைவேறிவிட்டது.

6

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். செனட்டர் வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். களைத்திருந்தார்.

"என்னை மன்னித்துவிடுங்கள். அவர் மறுப்பார் என்று தெரியும். ஒருவேளை இன்று மனம் மாறுவாரோ என்று பார்த்தேன்."

ரோஷ்னி குனிந்தே இருந்ததால் நான் பேச வேண்டியதாயிற்று. அமைத்து வைத்திருந்த வாக்கியம் எங்கோ போய்விட்டது. "நான் உங்களைப் பாலில் இருந்து கேட்கிறேன்" என்று ஆங்கிலத்தில் உளறினேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தார். "பால் பேச்சையெல்லாம் கேட்டீர்களா? என் கணவரே கேட்டதில்லை!"

"எல்லாவற்றையும் கேட்டேன்."

ரோஷ்னி நிமிர்ந்தாள். "பால் விஷயம் என்ன ஆயிற்று? நடந்ததா?"

"நடந்தது. நாங்கள் கேட்டதில் பாதி. அதற்கே பல வருடங்கள் பிடித்தன."

"எனக்குப் பல வருடங்கள் இல்லை" என்றாள் ரோஷ்னி. "ஆகஸ்ட் வரைதான்."

செனட்டர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அவள் இன்னும் ஏதாவது சொல்வாளோ என்று பார்த்தபடி இருந்தார். எமிலி வந்து அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்றாள். எழுந்துபோகும்போது ரோஷ்னியின் தோளைத் தொட்டார். தைரியம் சொல்லவில்லை. அதற்காக நான் இன்றும் அவரை மதிக்கிறேன்.

ஆகஸ்டில் அவளுக்கு இருபத்தொன்று ஆயிற்று. கேக் வெட்டினோம். மாணவர் விசாவுக்கு மாறி, அதே கல்லூரியில், அதே வகுப்பில், அயல்நாட்டு மாணவியாக உட்கார்ந்து படிப்பை முடித்தாள். வேலைக்குக் கூப்பிட்ட கம்பெனிகள் விசா என்றதும் பின்வாங்கின. கனடாவில் ஒரு நகராட்சிக்கு வடிகால் வேலை செய்யும் நிறுவனம் எடுத்துக்கொண்டது. போன வருடம் டொராண்டோ போய்விட்டாள். அங்கே அவளுக்கு நிரந்தரமாகத் தங்கும் அனுமதி விரைவில் வந்துவிடும் என்கிறார்கள். அங்கே மழைநீர் எந்தத் தெருவில் தேங்குகிறது என்று எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் விளக்குகிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள். அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

செனட்டர் அந்த மசோதாவை இன்னும் விடவில்லை. போன மாதமும் கொண்டுவந்தார். வேறொரு பையனின் படம் இருந்தது. வேறொருவர் மறுத்தார். பின்னால் வேலை அனுமதி கிடைத்து நான் சேர்ந்த குழந்தைகள் காப்பகத்தில், குழந்தைகள் தூங்கும் நேரத்தில் போனில் பார்த்தேன்.

7

இந்த வசந்தத்தில் எங்கள் கிரீன் கார்டுகள் தபாலில் வந்தன. சேவியருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. உறையைப் பிரித்து மேசையில் வைத்தோம். அனிதா ஓடிவந்து எங்களைக் கட்டிக்கொண்டு, பிறகு மேசையில் இருந்த இரண்டு கார்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று வெளியே சாப்பிடப் போகலாம் என்று கிளம்பி, கார் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டோம்.

கார்டு வைத்திருப்பவர்கள் வயது வந்த பிள்ளைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கும் ஒரு வரிசை. அதுவும் நீளம். போன மாதம் எங்கள் விசா விவகாரங்களைப் பார்க்கும் வக்கீலம்மாவைக் கூப்பிட்டு, ரோஷ்னியையும் லைனில் சேர்த்துக்கொண்டோம். வக்கீலம்மா நியாயமானவர், ஒளிக்காமல் சொன்னார். இப்போதே விண்ணப்பித்தால் வரிசையில் இடம் கிடைக்கும். ஆனால் அமெரிக்காவில் குடியேற ஆசைப்படுகிறாள் என்று அதன் மூலம் நாமே பதிவு செய்கிறோம். அதன் பிறகு அவள் சும்மா எங்களைப் பார்த்துவிட்டுப் போக விசிட்டர் விசா கேட்டால், திரும்பிப் போக மாட்டாள் என்று சொல்லி மறுக்க வாய்ப்பு அதிகம்.

"அப்ப பிள்ளை வரவே முடியாதா?" என்று சேவியர் தமிழில் கேட்டு, பிறகு ஆங்கிலத்தில் கேட்டார்.

"வரலாம், வராமலும் போகலாம். முடிவு நீங்கள்தான் எடுக்க வேண்டும். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் வரிசையில் பின்னால் போகிறீர்கள்."

 ரோஷ்னியின் அறையில் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம் மட்டும் போனில் கேட்டது.

"அப்பா, ஃபைல் பண்ணாதீங்க" என்றாள். "அந்த லைன்ல எனக்கு எப்ப வரும்னே தெரியாது. ஐ வான்ட் டு கம் ஃபார் கிறிஸ்மஸ்."

"யோசிச்சுச் சொல்லும்மா. பின்னால..."

"யோசிச்சுட்டேன்பா."

சேவியர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். வக்கீலம்மாவிடம் இப்போதைக்கு வேண்டாம் என்றார். நிச்சயமா என்று அவர் மறுபடி கேட்டார். நிச்சயம் என்றார் சேவியர். வக்கீலம்மா லைனிலிருந்து விலகியதும், ரோஷ்னி அங்கே முதல் பனி விழுந்ததைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். கேட்டுக்கொண்டிருந்தோம். விசிட்டர் விசாவுக்கு நேர்காணல் தேதி வாங்கிவிட்டதாகச் சொன்னாள்.

போன வாரம் அவளுக்கு விசா கிடைத்துவிட்டது. செல்வி அந்த வீடியோவை அனுப்பிய அதே நாள்தான். சேவியரிடம் சொன்னபோது அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு காலில் ஷூவோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"டிக்கெட் போட்டுட்டாளா?"

"இன்னும் இல்ல. விலை பாத்துக்கிட்டிருக்கா."

"இப்பவே போடச் சொல்லு" என்றார். பிறகு மற்ற ஷூவைக் குனிந்து அவிழ்த்தபடி சொன்னார்: "ரிட்டர்னும் சேத்துப் போடச் சொல்லு ஜெசி. திரும்பிப் போற டிக்கெட்ட காட்டுனாத்தான் நம்ம வீட்டுக்கு விடுவாங்க."